கறிவேப்பிலைக்குக் கடப்பிதழ் கிடையாது



அண்மையில் காலை நிகழ்ச்சியில் நேயர்களிடம் ஒரு கேள்வி கேட்டேன். “வெளிநாட்டில் இருக்கும் உங்கள் பிள்ளை வீட்டுக்கு அழைத்தால், எந்தச் சாப்பாட்டைப் பற்றி முதலில் பேசும்?” பத்து நிமிடத்தில் குரல் பதிவுகள் வந்து குவிந்துவிட்டன. நெத்திலி சம்பால். உருளைக்கிழங்கு போட்ட கோழிக்கறி. சாடின் பிரட்டல். கங்குங் கீரை. பருப்பும் அப்பளமும். ஒரு தாயார் மட்டும், “என் மகன் ஒன்னும் கேட்க மாட்டான். ‘நீங்க என்ன சமைச்சீங்க’ன்னு மட்டும் கேப்பான். நான் சொல்லச் சொல்ல அந்தப் பக்கம் சத்தமே இருக்காது” என்றார்.

அந்தச் சத்தமில்லாத அழைப்பைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப் போகிறோம்.

வந்த பதில்களில் ஒன்றைக் கவனித்தீர்களா? இட்லி, சாம்பார், வத்தக்குழம்பு என்று யாரும் சொல்லவில்லை. நம் பிள்ளைகளின் நாக்கு தேடுவது தஞ்சாவூரையோ மதுரையையோ அல்ல. ஈப்போவை, லகாட்டை, சித்தியவானை. நாம் தமிழர்தான், ஆனால் நம் அடுப்பங்கரை மலேசிய அடுப்பங்கரை. இது இங்கே இருக்கும்போது நமக்குத் தெரிவதில்லை. விமானம் ஏறிய பிறகுதான் தெரிகிறது.

ஒரு சமையலறை, மூன்று தமிழர்

என் சித்தி மகள் லகாட்டில் பிறந்து வளர்ந்தவள். வேலை கிடைத்து மெல்பர்ன் போய் ஆறு வருடம் ஆகிறது. ஊரில் இருந்தவரை அடுப்புப் பக்கம் போகாதவள். இப்போது வாரத்தில் ஐந்து நாள் அவளே சமைக்கிறாள். வெளியே சாப்பிட்டால் கட்டுப்படியாகாது என்பது ஒரு காரணம். வெளியே எதைச் சாப்பிட்டாலும் இரவு பத்து மணிக்கு மறுபடி பசிக்கிறது என்பது அவள் சொல்லும் காரணம்.

அவளோடு ஒரே வீட்டில் தங்கியிருந்த பெண் கோயம்புத்தூர்க்காரர். முதல் முறை இவள் கோழிக்கறி வைத்தபோது அவர் பாத்திரத்தைத் திறந்து பார்த்து, “இது என்ன, கறிக்குள்ள ஒரு நீள இலை முடிச்சுப் போட்டுக் கிடக்கு?” என்று கேட்டாராம். பண்டான் இலை. அப்புறம் உருளைக்கிழங்கைப் பார்த்து, “இது கோழிக் குழம்பா, கிழங்குக் குழம்பா?” என்றாராம். பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அம்மாதான் பஞ்சாயத்து பண்ணியிருக்கிறார். “அது ரம்பை, பிள்ளை. நாங்களும் கறிக்குப் போடுறனாங்கள்” என்று சொல்லி, அடுத்த நாள் தம் வீட்டுக் குளிர்பெட்டியிலிருந்து ஒரு கட்டு கொடுத்திருக்கிறார்.

மூன்று பேரும் தமிழ். மூன்று பேரும் ஒருவர் கறியை ஒருவர் ‘இது நம்ம கறி இல்லை’ என்று நினைத்தவர்கள். சித்தி மகளுக்கு அன்றைக்கு வந்த கோபம் சின்னக் கோபம் அல்ல. “அப்போ நான் சமைக்கிறது தமிழ்ச் சாப்பாடு இல்லையாக்கா?” என்று என்னிடம் கேட்டாள். அவளுக்குச் சொன்ன பதிலைத்தான் உங்களுக்கும் எழுதுகிறேன்.

லகாட்டும் ஒரு காலத்தில் வெளிநாடு

நம் கொள்ளுப்பாட்டிகளுக்கு மெல்பர்ன் எப்படியோ, அதைவிடப் பல மடங்கு தூரம் லகாட். திருச்சி, தஞ்சை, சேலம், ஆற்காடு என்று தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து கப்பலில் வந்து, கங்காணியின் பின்னால் தோட்டத்து லயத்துக்குள் நுழைந்தவர்கள் அவர்கள். 1938இல் இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளர்களை அனுப்புவதை நிறுத்தும்வரை அந்த வரத்து ஓயவில்லை. திரும்பிப் போனவர்களும் உண்டு. இங்கேயே அடுப்பு மூட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் நாம்.

அவர்களில் பலருக்கு ஊரில் அன்றாடச் சாப்பாடு அரிசிச் சோறு அல்ல. மழை குறைந்த சீமையில் கேழ்வரகுக் களி, கம்பங்கூழ், சோளச் சோறு. நெல்லுச் சோறு பண்டிகைக்கும் விருந்துக்கும். மலாயாவுக்கு வந்த பிறகு நிலைமை தலைகீழ். இங்கே தின்ற அரிசியில் பெரும்பகுதி பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் கப்பலில் வந்தது; தோட்டத்தில் கிடைத்ததும் அதுதான். கேழ்வரகு தினசரித் தட்டிலிருந்து இறங்கி, ஆடி மாதம் மாரியம்மன் கோயில் கூழாக மட்டும் நின்றுவிட்டது. ஒரு பரம்பரையின் நாக்கு இப்படித்தான் மாறியது. யாரும் கூட்டம் போட்டு முடிவெடுக்கவில்லை. கிடைத்ததைச் சமைத்தார்கள்.

விடிவதற்கு முன்னே பெரட்டுக்கு நிற்க வேண்டும். அதற்கும் முன்னே எழுந்து அடுப்பு மூட்டி, சோறும் ஒரு குழம்பும் வைத்து, தூக்குச் சட்டியில் அடைத்துவிட்டு, பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு வெட்டுக்குப் போக வேண்டும். மங்குகளில் பால் வடிந்துகொண்டிருக்கும் இடைவெளியில்தான் பசியாறுவது. நாம் இன்றும் காலை உணவைப் ‘பசியாறுவது’ என்கிறோம். தமிழ்நாட்டு நண்பர்கள் இந்தச் சொல்லைக் கேட்டுச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அது காலை உணவுக்கு வைத்த பெயர் மட்டுமல்ல. வெறும் வயிற்றோடு பல மணி நேரம் உழைத்தவர்கள் வைத்த பெயர்.

2024 டிசம்பரில் யுனெஸ்கோ மலேசியாவின் காலை உணவுப் பண்பாட்டை மனிதகுலத்தின் மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்தது. நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரிக் மூன்றும் அதில் இடம்பெற்றன. செய்தியைப் படித்தபோது எனக்கு அந்தத் தூக்குச் சட்டிகள்தாம் நினைவுக்கு வந்தன. பட்டியலில் அவற்றுக்குத் தனிப் பெயர் இல்லை. பரவாயில்லை. ஒரே மேசையில் எல்லாரும் பசியாறுகிற இந்த நாட்டுப் பழக்கத்தில் அவற்றுக்கும் பங்கு உண்டு.

மரவள்ளி சொல்லிக்கொடுத்தது

தோட்டத்துச் சமையல் பெரிய சோதனையைச் சந்தித்தது ஜப்பான்காரன் காலத்தில். 1941 கடைசியில் ஈப்போ விழுந்தது. அரிசிக் கப்பல்கள் அற்றுப்போயின. தோட்டத்து ஆண்கள் பலர் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். லயத்தில் மிஞ்சிய பெண்கள் மரவள்ளிக் கிழங்கை வைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார்கள். அவித்தும், சுட்டும், துருவி அடை தட்டியும், காயவைத்து மாவாக்கியும் சாப்பிட்டார்கள்.

அதிலும் ஓர் அறிவு இருந்தது. மரவள்ளியில் சில வகைகளில் நச்சுப்பொருள் அதிகம். தோலை முழுக்கச் சீவி, நறுக்கி, நிறையத் தண்ணீரில், மூடி போடாமல் அவித்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். எழுத்து வாசனை இல்லாத பாட்டிகளுக்கு இது தெரிந்திருந்தது. இன்று பட்டம் வாங்கிய நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இன்னொரு வேடிக்கை. நம்மை இங்கே வரவழைத்த ரப்பர் மரம், பட்டினியில் நம்மைக் காத்த மரவள்ளி, இரண்டும் தென் அமெரிக்காவிலிருந்து வந்தவை. தாவர நூல்படி ஒரே குடும்பம். 1877இல் கோலகங்சாரில் ரப்பர்க் கன்று நடப்பட்டபோது அதுவும் இந்த மண்ணுக்குப் புதுசு. ‘நம்ம காரம்’ என்று நாம் மார்தட்டும் மிளகாயும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து போர்த்துகீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்ததுதான். அதற்கு முன் நம் முன்னோருக்குக் காரம் என்றால் மிளகு. அசல் என்று நாம் சொல்லும் பலவும் எப்போதோ கப்பலில் வந்து இறங்கியவைதாம்.

ஒரே சாலையில் எத்தனை ருசி

ஈப்போக்காரர்களுக்கு ஜாலான் லகாட்டைப் பற்றிச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நகருக்குள் லிட்டில் இந்தியாவில் மசாலாக் கடை வாசத்தோடு தொடங்கும் சாலை அது. கொஞ்சம் தள்ளி, நம்மவர்கள் செறிந்து வாழும் புந்தோங். முறுக்கு, பக்கோடா, கடலை வகை எல்லாவற்றுக்கும் சேர்த்து ‘கச்சாங் பூத்தே’ என்று பெயர் வைத்து நாடு முழுக்க அனுப்பும் வட்டாரம். அப்படியே போனால் மெங்லெம்பு; ஓட்டோடு வறுத்த நிலக்கடலைக்குப் பேர்போன ஊர். அதற்கப்புறம் ஈயச் சுரங்கக் குட்டைகளைப் பார்த்துக்கொண்டே போனால் லகாட். சீனர் கடையில் மார்ஜரினில் வறுத்த கொட்டையில் போட்ட வெள்ளைக் கோப்பி. மாலையில் கோயில் வாசலில் சுண்டல்.

அரை மணி நேரத்துக்குள் கடந்துவிடும் இந்தச் சாலையில் வளர்ந்த பிள்ளையின் நாக்கில் தமிழ், மலாய், சீனம் மூன்றும் கலந்திருக்கும். வீட்டில் கறிவேப்பிலை தாளித்த அதே சட்டியில்தான் மறுநாள் பெலாச்சான் வதங்கும். அம்மா சீனக் கடைத் தவ்வு வாங்கி மஞ்சள் தூள் போட்டுப் பொரிப்பார். இதைக் கலப்படம் என்று சொல்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றே: அண்டை வீட்டாரோடு பழகியவர்களின் சமையல் இது.

எண்ணெய் பிரியும்வரை பொறுமை

வெளிநாட்டில் இருப்பவர்கள் அதிகம் கேட்ட நெத்திலி சம்பாலுக்கு வருவோம். சித்தி மகள் மெல்பர்னில் செய்யும் முறை இது. சாமான் கிடைக்காத ஊருக்கு ஏற்ற மாற்றும் சேர்த்தே சொல்கிறேன்.

காய்ந்த மிளகாய் 20. நறுக்கி, விதையை உதிர்த்து, வெந்நீரில் 20 நிமிடம் ஊறவையுங்கள். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். சின்ன வெங்காயம் 10, பூண்டு 3 பல், கட்டைவிரல் நகம் அளவு பெலாச்சான் சேர்த்து அரையுங்கள். பெலாச்சான் கிடைக்காவிட்டால் தாய்லாந்துக் கடையில் விற்கும் இறால் விழுது போதும். நெத்திலி இரண்டு கை. கழுவி, ஈரம் போகத் துடைத்து, தனியாகப் பொரித்து எடுத்து வையுங்கள்.

இப்போது அரைக் கோப்பை எண்ணெயில் அரைத்த விழுதைப் போட்டு, சின்னத் தீயில் வதக்குங்கள். இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். விழுதில் இருக்கும் தண்ணீர் முதலில் வற்ற வேண்டும். அதுவரை அது வேகிறதே தவிர வதங்கவில்லை. தண்ணீர் போன பிறகுதான் சூடு ஏறும். பச்சை வாசம் போகும். நிறம் கருஞ்சிவப்பாக மாறும். ஓரத்தில் எண்ணெய் பிரிந்து நிற்கும். குறைந்தது 20 நிமிடம் ஆகும். பிறகு பெரிய வெங்காயம் ஒன்றை வளையமாக அரிந்து போட்டு, சின்ன எலுமிச்சை அளவு புளியைக் கரைத்து ஊற்றி, இரண்டு தேக்கரண்டி குலா மலாக்கா, தேவைக்கு உப்பு சேர்த்துச் சுண்டவிடுங்கள். பனங்கருப்பட்டியும் சரியாக இருக்கும். நெத்திலி உப்பானது, அதனால் உப்பைக் கடைசியில் பார்த்துப் போடுங்கள். அடுப்பை அணைத்த பிறகு நெத்திலியைக் கலந்தால் மொறுமொறுப்பு கொஞ்சம் நிற்கும்.

ஒரு எச்சரிக்கை. அடுக்குமாடி வீட்டில் இருந்தால் சன்னலைத் திறந்து வைத்துவிட்டு ஆரம்பியுங்கள். மிளகாய் நெடிக்குப் புகை மணி அலறி, கட்டடமே கீழே இறங்கி நின்ற கதை ஒன்று எனக்குத் தெரியும். இறங்கி நின்றவர்களில் இருவர் பிறகு சம்பாலுக்கு நிரந்தர விருந்தாளிகள் ஆனார்கள் என்பதும் அந்தக் கதையில் உண்டு.

எல்லையில் நிற்கும் இலை

எல்லாவற்றுக்கும் மாற்று கிடைக்கிறது. கறிவேப்பிலைக்கு மட்டும் கிடைப்பதில்லை. ‘ஒரு கொத்துதானே, துணிக்குள்ள சுருட்டி அனுப்பிடலாம்’ என்று நினைக்கும் தாய்மாருக்கு ஒரு வேண்டுகோள்: அனுப்பாதீர்கள். ஆஸ்திரேலியாவுக்குப் பச்சைக் கறிவேப்பிலை கொண்டுபோக அனுமதி இல்லை. கையில் இருக்கும் உணவுப் பொருளை நுழைவுப் படிவத்தில் சொல்லாமல் மறைத்தால் அபராதம். மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு இன்னும் பெரிய சிக்கல் வரலாம்.

காரணமில்லாத கெடுபிடி அல்ல இது. கறிவேப்பிலையும் எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களும் ஒரே குடும்பம். கறிவேப்பிலையில் தங்கும் ஒரு சிறு பூச்சி, ஆரஞ்சுத் தோட்டங்களை அழிக்கும் நோயைப் பரப்பக்கூடியது. அந்த நோய் இல்லாத நாடு அது. அப்படியே காத்துக்கொள்ளப் பார்க்கிறது. ஆக, மனிதருக்குக் கடப்பிதழ் கிடைக்கும், கறிவேப்பிலைக்குக் கிடைக்காது.

சித்தி மகள் என்ன செய்தாள்? டாண்டினோங் பக்கம் இந்திய, இலங்கைக் கடைகள் நிறைய. அங்கே உள்நாட்டில் வளர்ந்த கன்று ஒன்றை வாங்கிப் பூந்தொட்டியில் வைத்தாள். மெல்பர்ன் குளிர்காலம் ஜூன் முதல் ஆகஸ்டு வரை. முதல் வருடம் ஜூலையில் அத்தனை இலையும் கொட்டிவிட்டது. செத்துப்போச்சு என்று இவள் அழ, யாழ்ப்பாணத்து அம்மா, “அழாதை. உள்ளுக்குள்ள எடுத்து வெயில் படுற சன்னல் கிட்ட வை. தண்ணி குறைச்சு ஊத்து” என்றாராம். செப்டம்பரில் துளிர்த்தது. இப்போது இடுப்பளவு நிற்கிறது. கோயம்புத்தூர்ப் பெண் வேறு வீட்டுக்குப் போய்விட்டார். ஆனாலும் வாரம் ஒருமுறை வந்து ஒரு கொத்து ஒடித்துக்கொண்டு போகிறார்.

“நான் சமைப்பது தமிழ்ச் சாப்பாடு இல்லையா?” என்ற கேள்விக்கு அந்தத் தொட்டிச் செடியே பதில். லகாட்டில் முளைக்காதது, ஈரோட்டில் முளைக்காதது. ஆனால் கறிவேப்பிலை இல்லை என்று யாராவது சொல்ல முடியுமா?

யார் கற்றுக்கொடுப்பது?

இதுவரை இனிப்பாகப் பேசியாயிற்று. இனி கொஞ்சம் புளிப்பு.

தொடக்கத்தில் சொன்னேனே, அம்மா சமைத்ததைக் கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்கும் அந்த மகன். அவனைப் போல் நிறையப் பேர் இருக்கிறார்கள். கடன் வாங்கியாவது பையனை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்புகிறோம். புதுப் பெட்டி, குளிர்ச் சட்டை, கறித்தூள் பாக்கெட் எல்லாம் வைத்து அனுப்புகிறோம். ஒரு ரசம் வைக்கச் சொல்லிக்கொடுத்து அனுப்புகிறோமா? மகளிடம் மட்டும் ‘சமைக்கக் கத்துக்கோ’ என்று சொல்லும் வீடுகளே இன்னும் அதிகம். மகன் அங்கே போய் உடனடி மீயில் இரண்டு வருடம் ஓட்டுகிறான். பசி என்பது ஆண், பெண் பார்த்து வருவதில்லை.

இன்னொரு பக்கம், கற்றுக்கொடுக்கத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். லயத்து அடுப்பில் சமைத்த தலைமுறைக்கு இன்று எழுபது, எண்பது வயது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்புப் பகுதி வந்துவிட்டது. தோட்டமே இல்லாத இடத்தில் தோட்டத்துக் கருவாட்டுக் குழம்பு அந்தப் பாட்டிகளின் கையில் மட்டும்தான் இருக்கிறது. அவர்களிடம் அளவு கேட்டால், “கண்ணு அளவுதான்யா, போடுற கைக்குத் தெரியும்” என்பார்கள். அந்தக் கை போனால் அளவும் போய்விடும்.

அதனால் ஒரு சின்ன வேலை சொல்கிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவோ பாட்டியோ சமைக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். மகனையும் நிற்கச் சொல்லுங்கள். அவர் கைப்பிடி மிளகாய்த்தூளைச் சட்டியில் போடும் முன், ஒரு கிண்ணத்தில் போடச் சொல்லித் தராசில் நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். புளி எவ்வளவு, எந்த நேரத்தில் உப்பு, எந்த வாசம் வந்தால் அடுப்பைத் தணிக்கிறார் என்று கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். முகத்தைவிடக் கையைப் படம் பிடியுங்கள். அவர் பேசுவதையும் நிறுத்தாதீர்கள். குழம்பு கொதிக்கும் நேரத்தில்தான் பழைய கதையெல்லாம் வெளியே வரும். வானொலியில் வேலை செய்கிறவள் சொல்கிறேன்: ஒரு குரலைப் பதிவு செய்ய ஐந்து நிமிடம் போதும். பதிவு செய்யாத குரலைத் தேடினால் ஆயுசுக்கும் கிடைக்காது.

அந்தத் தாயாரிடம் பிறகு தொலைபேசியில் பேசினேன். “அடுத்த முறை அவன் கூப்பிட்டா, என்ன சமைச்சேன்னு சொல்லாதீங்கம்மா. காணொலியில கூப்பிட்டு, நீயும் அடுப்பை மூட்டுன்னு சொல்லுங்க” என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “முதல்ல என்ன சொல்லிக்கொடுக்கிறது?” என்று கேட்டார்.

“பருப்பு” என்றேன். “கருகினாலும் நஷ்டம் கம்மி.”

உங்கள் வீட்டில் எந்தக் குழம்பில் தொடங்கப் போகிறீர்கள்? எழுதுங்கள். அடுத்த வாரம் சந்திப்போம்.